அந்தச் சதுர பாட்டிலில் இருந்தது போர்பன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய திகில் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 'தி ஷைனிங்' படத்தைப் பற்றிய பத்தியில் ஒரு பிழை இருக்கிறது. ஆளில்லாத ஹோட்டல் பாரில் கதாநாயகனுக்கு லாயிட் என்ற பார்மேன் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை ஊற்றிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறார்கள். கதாநாயகன் கேட்பதுதான் போர்பன். லாயிட் எடுத்து ஊற்றுவது ஜாக் டேனியல்ஸ், அது டென்னசி மாநிலத்து விஸ்கி. கேட்டது வேறு, கிடைத்தது வேறு. அந்தக் காட்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தூத்துக்குடிக்காரன். 1998இல் மயாமியில் கப்பல் ஏறினேன், 2019இல் இறங்கினேன். கரீபியன் தீவுகளைச் சுற்றிவரும் பயணிகள் கப்பல். முதல் இரண்டு வருஷம் ஐஸ் சுமந்தேன், கிளாஸ் கழுவினேன். அப்புறம் பார்டெண்டர் ஆனேன். நான் குடிப்பதில்லை. பயிற்சிக் காலத்தில் நாக்கில் பட வைத்துத் துப்பியதோடு சரி. என் அப்பா குடியால் போனவர். எனவே இது மதுவைப் புகழும் கடிதம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது தொழில். தச்சனுக்கு மரத்தின் பெயர் தெரிவதுபோல எனக்கு பாட்டிலின் பெயர் தெரியும்.

லாயிட் செய்த தவறை நானும் செய்திருக்கிறேன். பாருக்குப் பின்னால் நின்ற முதல் மாதம். எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா வந்து உட்கார்ந்து, போர்பன், ஒரே ஒரு ஐஸ் கட்டி போதும் என்றார். கைக்கு எட்டியது ஜாக் டேனியல்ஸ். ஜிக்கர் என்ற அளவுக் கிண்ணத்தில் ஒன்றரை அவுன்ஸ் அளந்து, அதாவது 44 மில்லி, ஊற்றி வைத்தேன். அவர் கிளாஸைத் தொடவில்லை. பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது டென்னசி. நான் கென்டக்கி" என்றார். கென்டக்கி, போர்பனுக்குப் பேர்போன மாநிலம். கோபமே இல்லை. கும்பகோணத்து மனுஷிக்கு யாரோ சிக்கரி கலக்காத காப்பியைக் கொடுத்துவிட்ட மாதிரியான ஒரு பார்வை, அவ்வளவுதான்.

மறுநாள் பார் திறப்பதற்கு முன்பே வந்து, காகித நாப்கினில் எழுதிக் காட்டினார். போர்பன் என்றால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கப்பட்ட புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும், ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் ஆகாது. நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பீப்பாயில் இறக்கும்போது 62.5ஐத் தாண்டக் கூடாது, பாட்டிலில் 40க்குக் குறையக் கூடாது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை, அமெரிக்காவுக்குள் இருந்தால் போதும். கடைசி விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு அவ்வளவு சம்மதமில்லை என்று முகத்தில் தெரிந்தது.

ஜாக் டேனியல்ஸ் டென்னசி மாநிலத்தின் லிஞ்ச்பர்க்கில் செய்யப்படுவது. பீப்பாய்க்குப் போவதற்கு முன்னால் மேப்பிள் மரக்கரி அடுக்கின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கி வடிகட்டுகிறார்கள். லிங்கன் கவுண்டி முறை என்று பெயர். மற்ற விதிகள் எல்லாம் பொருந்துகின்றன, அதனால் அதுவும் போர்பன்தான் என்று பார் ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கணக்காக வாதாடிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் லேபிளில் டென்னசி விஸ்கி என்றுதான் போட்டிருக்கிறது. செய்கிறவர்களே போட்டுக்கொள்ளாத பெயரை நாம் போட வேண்டியதில்லை.

சரி, இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சிக்குப் போங்கள். 1980இல் வந்த படம். கதாநாயகன் ஜாக் டாரன்ஸ் ஐந்து மாதமாகக் குடியை விட்டிருப்பவன். குளிர்காலத்தில் மூடும்போது இன்சூரன்ஸுக்காக மதுவை எல்லாம் வெளியேற்றிவிடுவோம் என்று ஹோட்டல் மேனேஜர் முன்னாலேயே சொல்லிவிடுகிறார். அதாவது அந்த அலமாரியில் ஒரு பாட்டில்கூட இருக்க வழியில்லை. அங்கே போய் உட்கார்ந்து டாரன்ஸ் போர்பன் கேட்கிறான். சதுர பாட்டில், கறுப்பு லேபிள். ஜாக் என்ற நடிகர், ஜாக் என்ற பாத்திரம், ஜாக் என்ற பாட்டில். எந்த பார்டெண்டராக இருந்தாலும், "ஜாக் இருக்கிறது சார், பரவாயில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்பான். லாயிட் கேட்கவில்லை. டாரன்ஸும் என்ன பாட்டில் என்று யோசிக்கவில்லை. அந்த அம்மா கிளாஸைத் தொடாமல் வைத்திருந்த இடத்தில் இவன் தூக்கிக் குடித்துவிடுகிறான். எது கொடுத்தாலும் குடிக்கும் நிலைக்கு அவன் வந்துவிட்டதை அந்த லேபிள் சொல்லிவிடுகிறது. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் இதை நினைத்துத்தான் செய்தாரா என்பதில் எனக்கு வழக்கு இல்லை. திரையில் இருப்பது இது. கட்டுரை எழுதியவர் போர்பன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டதால் வாசகருக்கு இது போய்ச் சேரவில்லை.

படத்தில் பாட்டிலைப் பார்க்கும் பழக்கம் எங்களுக்குக் கப்பலில் வந்தது. வேலை முடிய இரவு இரண்டு மணி ஆகும். ஊழியர் அறையில் நான்கு பேர், ஒரு லேப்டாப், ஒரு டிவிடி. பாட்டில் திரையில் வந்ததும் முதலில் பெயர் சொல்பவனுக்குப் பாயிண்ட். படம் முடியும்போது கடைசியில் இருப்பவன் மறுநாள் காலை எல்லோருக்கும் சேர்த்து ஐஸ் தொட்டி நிரப்ப வேண்டும். லேபிளைப் படித்துச் சொல்ல நேரம் இருக்காது, வடிவத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கழுத்தில் சிவப்பு மெழுகு வழிந்திருந்தால் மேக்கர்ஸ் மார்க், இருட்டுக் காட்சியிலும் தப்பாது. லேபிள் சாய்வாக ஒட்டியிருந்தால் ஜானி வாக்கர், சாய்வு சரியாக 24 டிகிரி. முக்கோணப் பச்சை பாட்டில் கிளென்ஃபிடிக். மூன்று பக்கமும் குழிவிழுந்து, மேலே மெல்லிய கம்பி வலை போட்டிருந்தால் டிம்பிள். அந்த வலை கடல் பயணத்தில் கார்க் கழன்று விழாமல் இருப்பதற்காக வந்தது என்று எங்கள் பிலிப்பினோ சீனியர் சொன்னபோது, கப்பலில் வேலை செய்த எங்களுக்கு அந்த பாட்டில் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

கிளாஸுக்குள் இருப்பது நிஜமா என்பதையும் அப்போதுதான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒரே காட்சியைப் பத்துப் பன்னிரண்டு தடவை எடுக்க வேண்டியிருப்பதால் நடிகர்களுக்கு நிஜ விஸ்கி கொடுப்பதில்லை. ஆறிய டீ, ஆப்பிள் ஜூஸ், சர்க்கரையைக் கருக்கிக் கலந்த தண்ணீர், இப்படி ஏதாவது. ஐஸும் பல இடங்களில் அக்ரிலிக். நிஜ ஐஸ் கிளாஸில் மோதினால் வசனத்தின் மேல் சத்தம் விழும், விளக்கு வெளிச்சத்தில் கரைந்தும் போகும். நீங்கள் வீட்டிலேயே கவனிக்கலாம். நிஜ விஸ்கியில் ஐஸ் போட்டு அசையாமல் வைத்தால், உருகும் தண்ணீர் மெல்லிய இழை இழையாக நெளிந்து கீழே இறங்கும். வெயிலில் தார் ரோட்டுக்கு மேல் காற்று நெளியுமே, அப்படி. கிளாஸைச் சாய்த்து நிமிர்த்தினால் உள்பக்கச் சுவரில் எண்ணெய் மாதிரி ஒட்டி, கோடு கோடாக மெதுவாக வழியும். டீயில் இரண்டும் நடக்காது. பளிச்சென்று தண்ணீராகக் கிடக்கும்.

இதைத் திரையிலேயே ஒப்புக்கொண்ட படம் ஒன்று உண்டு. சோபியா கொப்போலா 2003இல் எடுத்த 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்'. பில் மர்ரே நடித்திருக்கும் பாப் ஹாரிஸ் என்ற மார்க்கெட் போன நடிகர், சன்டோரி கம்பெனியின் ஹிபிகி விஸ்கி விளம்பரத்துக்காக டோக்கியோ வருகிறார். புகைப்படக்காரர் அப்படி முகத்தை வை, இப்படிக் குடி என்று கேட்டுக்கொண்டே இருக்க, இது விஸ்கியே இல்லை, ஐஸ் டீ என்று சொல்லிவிடுகிறார். இன்னொரு காட்சியும் உண்டு. ஜப்பானிய விளம்பர இயக்குநர் மூச்சுவிடாமல் நீளமாக ஏதோ விளக்குகிறார். மொழிபெயர்க்கும் பெண், கேமரா பக்கம் திரும்பிப் பாருங்கள் என்ற அளவில் முடித்துவிடுகிறாள். அவ்வளவுதானா சொன்னார் என்று பாப் கேட்கிறார். சோபியாவின் அப்பா, இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவே முன்பு ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவுடன் சேர்ந்து இதே சன்டோரி விளம்பரத்தில் நடித்தவர். அதனால் அங்கே வேறு எந்த பாட்டிலை வைத்தாலும் பொருந்தியிருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014இல் அந்த சன்டோரிதான் ஜிம் பீம், மேக்கர்ஸ் மார்க் இரண்டையும் வைத்திருந்த அமெரிக்க பீம் நிறுவனத்தைக் கடனையும் சேர்த்து சுமார் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது. செய்தி வந்த வாரம் எங்கள் பாரில் கென்டக்கிப் பயணிகள் பேசிக்கொண்டதை ஜப்பானியப் பயணிகள் கேட்டிருக்கக் கூடாது.

அவ்வளவுதானா சொன்னார் என்ற அந்தக் கேள்விதான் தமிழ் டப்பிங் படங்களைப் பார்க்கும்போது எனக்கும் வருகிறது. போன மாதம் ஒரு தொலைக்காட்சியில் தமிழில் டப் செய்த அமெரிக்கப் படம் ஒன்று. பெயர் வேண்டாம். கதாநாயகன் உதடு அசைவில் போர்பன் என்பது தெளிவாகத் தெரிகிறது. தமிழில் "ஒரு பிராந்தி கொடு" என்கிறான். அடுத்த காட்சியில் அதுவே "சரக்கு" ஆகிவிட்டது. அதற்கும் அடுத்த காட்சியில் அவன் எதிரி ஸ்காட்ச் கேட்கிறான், அதுவும் "சரக்கு"தான். ஒருவன் அமெரிக்கத் தெற்கில் வளர்ந்தவன், மற்றவன் கோட்டும் சூட்டுமாகப் பணம் காட்டுகிறவன். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டிலைக் குடிப்பதுபோல் ஆகிவிட்டது. பாட்டில் மேல் மங்கலாக ஒரு மறைப்பு வேறு. மது விளம்பரம் கூடாது என்று விதி இருக்கிறது. மறைப்பதை நான் குறை சொல்லவில்லை, வீட்டில் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஆனால் வசனத்தில் போர்பன் என்று சொல்வது விளம்பரம் ஆகாது. அது ஒரு கம்பெனியின் பெயரே இல்லை. அரிசி, கோதுமை மாதிரி ஒரு வகையின் பெயர்.

என் மகள் வீட்டிலிருந்தபடி சப்டைட்டில் வேலை பார்க்கிறாள். அவளிடம் கேட்டேன். "அப்பா, போர்பன்னு போட்டா நம்ம ஆளுங்க பிஸ்கட்னுதான் நினைப்பாங்க" என்றாள். உண்மைதான். நம் ஊரில் போர்பன் என்றால் நடுவில் சாக்லேட் வைத்த பிஸ்கட். இரண்டுக்கும் பெயர் பிரான்ஸின் போர்பன் அரச குடும்பத்தில் இருந்து வந்தது என்பது வேறு கதை. பீட்ஸாவும் பாஸ்தாவும் இதே மாதிரி தெரியாத சொற்களாகத்தான் வந்தன, இன்று கயத்தாறில்கூடத் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "வரி நீளமும் பார்க்கணும்ப்பா. ஆனா போர்பனும் பிராந்தியும் ஒரே நீளம்தான்" என்றாள். அதற்கப்புறம் அவள் செய்யும் வேலைகளில் போர்பன் போர்பனாகவே இருக்கிறது.

பெயர் போனால் என்ன போகும் என்பதற்கு 'பிரேக்கிங் பேட்' தொடரில் ஒரு காட்சி. 2013இல் ஒளிபரப்பான, கடைசிக்கு முந்தைய பகுதி. வேதியியல் வாத்தியாராக இருந்து போதைப்பொருள் தயாரிப்பவராக மாறி, எல்லாம் இழந்து பனியில் ஒளிந்திருக்கும் வால்டர் ஒயிட், நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சின்ன பாரில் உட்கார்ந்து டிம்பிள் பின்ச், நீட் என்று கேட்கிறார். ஐஸ் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். போலீஸுக்குத் தானே போன் செய்து சொல்லிவிட்டு, பிடிபடக் காத்திருக்கிறார். அந்த நேரத்திலும் ஏதாவது கொடு என்று அவருக்குச் சொல்ல வரவில்லை. வகுப்பில் கரும்பலகையில் சமன்பாடு எழுதிய வாத்தியார், கடைசி கிளாஸையும் பெயர் சொல்லித்தான் கேட்கிறார். அப்புறம் டிவியில் பழைய நண்பர்களின் பேட்டி ஓடுகிறது. போலீஸ் உள்ளே வரும்போது ஆள் இல்லை, குடித்து முடிக்காத கிளாஸ் மட்டும் பார் மேல் இருக்கிறது. இந்த வசனத்தில் "ஒரு சரக்கு" என்று போட்டுப் பாருங்கள். அந்த வாத்தியாரே காணாமல் போய்விடுவார்.

எனக்குப் பிடிக்காத இடமும் உண்டு. 2012இல் வந்த 'ஸ்கைஃபால்'. வில்லன் சில்வா மக்காலன் 1962 ஊற்றுகிறான். முதல் பாண்ட் படம் வந்த வருஷம் 1962, அந்த ஐம்பது வருஷத்துக்கான மரியாதையாக வைத்த பாட்டில். முதல் தடவை பார்த்தபோது எங்கள் அறையில் கைதட்டினோம். ஆனால் அந்தக் கிளாஸை செவரின் என்ற பெண்ணின் தலைமேல் வைத்துச் சுடும் போட்டி நடக்கிறது. அவள் சாகிறாள். பாண்ட் சொல்வது, நல்ல ஸ்காட்ச் வீணாகிவிட்டதே என்று. அவன் உள்ளே பதறினாலும் வெளியே காட்டவில்லை என்று என் நண்பர்கள் சொன்னார்கள். இருக்கலாம். பாருக்குப் பின்னால் 19 வருஷம் நின்றவன் சொல்கிறேன், எந்த பாட்டிலும் அவ்வளவு விலை பெறாது. அந்த வரி வரும்போது இன்றும் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

நம் படங்களுக்கும் இந்த மொழி புதிதல்ல. சின்ன வயதில் நான் பார்த்த தமிழ்ப் படங்களில் வில்லன் மாளிகையில் கட்டாயம் ஒரு பார் இருக்கும், அதில் கட்டாயம் வாட் 69 இருக்கும். ஸ்காட்லாந்தில் வில்லியம் சாண்டர்சன் என்பவர் நூறு கலவைகள் செய்து வைத்து, அதில் 69ஆம் வாட்டில், அதாவது தொட்டியில், இருந்ததை எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதால் வந்த பெயர். 1882இல் சந்தைக்கு வந்தது. அது தெரியாமலேயே எங்களுக்கு அந்த பாட்டில் புரிந்தது. தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் வாட் 69 வைத்திருப்பவன் கடத்தல்காரனாகவோ, கடத்தல்காரனோடு பழக்கம் உள்ளவனாகவோதான் இருப்பான் என்று துறைமுகத்துப் பிள்ளைகளான எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே பாட்டில் பேசிவிடும். சாராயம் குடிக்கும் ஏழைக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அந்த ஒரு பாட்டில் காட்டிவிடும்.

அதனால் கேட்கிறேன். உங்கள் இணைப்பில் வெளிநாட்டுப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், கிளாஸில் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்க்கட்டும். போர்பன் என்றால் போர்பன், ஸ்காட்ச் என்றால் ஸ்காட்ச், டென்னசி என்றால் டென்னசி. லேபிள் தெரியவில்லை என்றால் விஸ்கி என்று எழுதினால் போதும், அதில் பொய் இல்லை. 'தி ஷைனிங்' பற்றிய வரிக்கு அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டால் மகிழ்வேன்.

அந்தக் கென்டக்கி அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று. பயணத்தின் கடைசி இரவில் பாருக்கு வந்து, என் கையில் ஒரு பாட்டில் மூடியை வைத்துவிட்டுப் போனார். பிளான்டன்ஸ் என்ற போர்பனின் மூடி. மேலே ஓடும் குதிரை, அதன் மேல் ஜாக்கி, அடியில் ஒரு எழுத்து. மொத்தம் எட்டு வகை மூடிகள், எட்டு எழுத்தையும் சேர்த்தால் அந்தப் பெயர் வரும். வரிசையாக வைத்தால் குதிரை நிற்பதிலிருந்து ஓடி எல்லையைத் தாண்டுவது வரை தெரியும். அவர் தந்தது கடைசி எழுத்து, எஸ். அதில் மட்டும் ஜாக்கி ஜெயித்த சந்தோஷத்தில் கையை உயர்த்தியிருப்பான். இப்போது அது எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2014இல் வந்த 'ஜான் விக்' படத்தில், ஹோட்டல் அறையில் அவனுக்குத் தையல் போடும் காட்சியில் இதே பிளான்டன்ஸ் பாட்டில் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் இருக்கும் குதிரையின் கால்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். எந்த எழுத்து என்று இன்னும் பிடிபடவில்லை.

இப்படிக்கு,
கப்பல் பார்டெண்டராக இருந்து ஓய்வுபெற்ற வாசகர்,
தூத்துக்குடி